காசநோய்க் கிருமிக்குள் நுழைய ஒரு வழி

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை 1952-ல் வந்தது. மலிவான மருந்து, நல்ல பலன். ஆனால் சில நோயாளிகளிடம் மட்டும் அது ஏன் தோற்றுப்போகிறது? கிருமியின் மெழுகுச் சுவரை அது கெடுக்கிறது என்று 1970-களில் தெரிந்தது. எந்த மரபணு வழியாக என்பது சுமார் நாற்பது வருடம் புதிராகவே இருந்தது.

ஒரு மரபணுவின் வேலையை அறிய அதை வேறொரு கிருமிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வேற்று டி.என்.ஏ.வைப் புகுத்துவதை 1973-லேயே சாதித்துவிட்டார்கள். காசநோய்க் கிருமியிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அதன் மெழுகுச் சுவர் எதையும் எளிதில் உள்ளே விடாது. ஈ.கோலி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கண்ணுக்குத் தெரியும் அளவு வளர மூன்று, நான்கு வாரம். போதாததற்கு, காற்றில் பரவும் ஆபத்து வேறு!

நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஜேக்கப்ஸ், பேரி ப்ளூம் குழுவினர் ஒரு யோசனை செய்தார்கள். சுவரைத் தாண்ட மனிதனுக்குத் தெரியாவிட்டால் என்ன? இந்த வகை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்குத் தெரியுமே! அப்படிப்பட்ட 'டிஎம்4' என்ற வைரஸின் டி.என்.ஏ.வோடு ஈ.கோலியில் பெருகும் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். ஈ.கோலிக்குள் அது பிளாஸ்மிட். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளுக்குள் வைரஸ். இந்த இரட்டை வேடக்காரனை 1987-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

1990-ல் இன்னொரு உதவி கிடைத்தது. நோய் பரப்பாத, வேகமாக வளரும் ஸ்மெக்மாட்டிஸ் என்ற உறவுக்காரக் கிருமியில், பிளாஸ்மிடைப் பல ஆயிரம் மடங்கு எளிதாக ஏற்கும் ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு ஆபத்தில்லாத கிருமியிலேயே சோதிக்க முடிந்தது.

பலன் உடனே தெரிந்தது. மருந்துக்கு அடங்காத ஸ்மெக்மாட்டிஸுக்குள் 'கேட்ஜி' மரபணுவை வைத்ததும் அது மீண்டும் மருந்துக்கு அடங்கியது (1992). அதாவது, ஐசோனியாசிட் தானாக விஷமில்லை. கேட்ஜி உண்டாக்கும் நொதிதான் அதை விஷமாக்குகிறது. கிருமி அந்த மரபணுவைக் கெடுத்துக்கொண்டால் தப்பிவிடும்! அந்த விஷம் தாக்கும் இலக்கு 'இன்ஹெச்ஏ' என்பது 1994-ல் தெரிந்தது.

இது வெறும் ஆராய்ச்சிக்கூடக் கதை அல்ல. மருந்து வேலை செய்யுமா என்று அறிய முன்பெல்லாம் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி பலிக்காத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார், வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் பரவும். இன்று சளி மாதிரியில் இந்த இரண்டு மரபணுக்களின் மாற்றங்களைத் தேடும் சோதனைகள் ஓரிரு நாளிலேயே பதில் சொல்லிவிடுகின்றன. எதைத் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவை 1987-ல் தொடங்கிய அந்தக் கருவிகள்தான்.