பத்துப் பேர் தொடங்கிய பணி

மகள் ராணுவ நர்ஸாகப் போகிறேன் என்றதும், "பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டாளம் எதுக்குடி?" என்று நான்தான் தடுத்தேன். அவள் எங்கள் குழுக் கூட்டத்துக்கே வந்து வரலாற்றை எடுத்துச் சொன்னாள்.

1888-இல் பத்து நர்ஸுகள் பம்பாயில் வந்து இறங்கியதுதான் ஆரம்பம். 1926-இல் இந்திய ராணுவச் செவிலியர் பணி நிரந்தரமானது. 1943-இல் அவர்களுக்கு அதிகாரி அந்தஸ்து கிடைத்தது. 1976-இல் ஜெர்ட்ரூட் அலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். நம் ராணுவத்தில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண் அவர்தான்.

"அவங்க பத்துப் பேரு, நாம பன்னிரண்டு பேரு இருக்கோமே!" என்றார் எங்கள் ஊக்குநர் அக்கா. நேர்முகத் தேர்வுக்குப் போகும் ரயில் செலவுக்கு அன்றே உள்கடன் தீர்மானம் எழுதினோம்.

நாலு வருஷம் படித்து முடித்து, லெப்டினன்டாக, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு வந்து நின்றாள். தடுத்த எனக்குத்தான் பேச்சு வரல.