பாதிரியார் கையில ஒரு கேமரா

ஒரு ஊரோட வரலாற்றை யார் எழுதுறாங்கன்னு நிறைய பேசியாச்சு. யார் படம் புடிக்கிறாங்கன்னு கொஞ்சம் பேசலாமா மக்களே?

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம், டல்சா நகரம். அங்கே கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் சொந்தமாகக் கடை, ஹோட்டல், தியேட்டர், பத்திரிகை என்று நல்லா வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1921 மே 31, ஜூன் 1. ரெண்டே நாள். வெள்ளையர் கும்பல் புகுந்து 35 பிளாக்குகளை நாசமாக்கியது. எரிந்த வீடுகள் மட்டும் 1,256. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். இதில் கொடுமை என்னன்னா, எரிஞ்ச ஊரைப் போட்டோ எடுத்து போஸ்ட் கார்டா வித்திருக்காங்க! அப்புறம் பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை. மாநில அரசு விசாரணைக் குழு போட்டதே 1997-ல் தான். அறிக்கை வந்தது 2001-ல்.

ஆக, மிச்சம் இருந்த படங்களில் பல, கொளுத்தினவங்க பக்கத்து ஆளுங்க எடுத்தது. அதில் தெரிவது வெறும் சாம்பல்.

இப்போ நம்ம ஹீரோ. பேர் சாலமன் சர் ஜோன்ஸ். (பட்டம் இல்லீங்க, பேரே அதான் :-)) அடிமைகளாக இருந்தவர்களின் மகன். ஒக்லஹோமாவில் பாப்டிஸ்ட் பாதிரியார். 1923-ல் கோடாக் கம்பெனி 16 எம்.எம். ஃபிலிமைக் கொண்டுவந்தது. சீக்கிரம் தீப்பிடிக்காத ஃபிலிம் என்பதால் வீட்டில் தைரியமாக வைக்கலாம். ஆனால் கேமரா, புரொஜக்டர் எல்லாம் சேர்த்து 335 டாலர். ஃபோர்டு கார் ஒண்ணு அதைவிட மலிவு! 100 அடி ரோல் போட்டால் ஓடுவது சுமார் 4 நிமிஷம். நெகட்டிவ் கிடையாது, கையில் இருக்கிற ரோல்தான் ஒரே காப்பி.

அப்படிப்பட்ட காலத்தில் இந்த மனுஷன் 1924-லிருந்து 1928 வரை சுட்டுத் தள்ளியிருக்கார். 29 ரீல், 355 நிமிஷம். டல்சா, மஸ்கோகி, ஒக்மல்கி என்று ஊர் ஊராக. சர்ச்சிலிருந்து வெளியே வரும் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க, கடை வாசலில் முதலாளி, வேலை செய்யும் ஆட்கள். கதை இல்லை, சத்தம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் ஊரே எரிஞ்சு மூணு வருஷத்துக்கு அப்புறம் எடுத்தது என்று தெரிந்துகொண்டு பாருங்க. எழுந்து நிற்கிற கட்டடம் ஒவ்வொண்ணும் ஒரு பதில்.

பொட்டி தட்டுறவன் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. எழுத்துகளைக் கோர்த்த பலகையில் இது எந்த ஊர், யார் என்று போட்டு, அதையும் படம் பிடித்துவைத்தார். நாம இப்போ மெட்டாடேட்டா என்கிறோமே, அதேதான்! அதனால்தான் அவை இன்று வெறும் முகங்கள் இல்லை, பேர் உள்ள ஆட்கள். அந்த ரீல்கள் இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள்.

பாடப்புத்தகத்தை மாத்தி எழுதிடலாம். பேர் எழுதின ரீலை மாத்துறது கஷ்டம். உங்க போனில் இருக்கிற ஆயிரம் வீடியோவில் எத்தனைக்குப் பேர், ஊர், தேதி போட்டிருக்கீங்க?