கைதியின் சம்மதம்

கோரிப்பாளையத்தில் என் பக்கத்து வீட்டு வாலிபர்கள் இருவர், 2022-இல் வெளியான 'ஸ்பைடர்ஹெட்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வழக்குக்கு வந்தார்கள். சிறைக் கைதிகளின் உடம்பில் புதுப்புது மருந்துகளைச் செலுத்திப் பரிசோதிக்கிற கதை. ஒவ்வொரு தடவையும் கைதி வாய் திறந்து சம்மதம் சொன்ன பிறகுதான் மருந்து ஏறும்.

"சம்மதித்தவனுக்காகப் பரிதாபம் எதற்கு ஸார்?" என்றான் ஒருவன்.

"எல்லாம் கற்பனைதானே!" என்றான் மற்றவன்.

கற்பனையா? நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பு மருந்து தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி தம் உடம்பிலேயே முதலில் குத்திக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் பைகல்லா சிறைக்குள்ளும் நோய் நுழைந்துவிட்டது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி போட்டார்கள். போட்டுக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கும் எடுத்தார்கள். ஊசி பலித்தது. ஆனாலும், ஓட வழியில்லாத இடத்தில் பிளேக் பக்கத்தில் படுத்திருக்கும்போது ஒருவன் 'சரி' என்றால், அதைச் சம்மதம் என்று எழுத எனக்குப் பேனா ஓடவில்லை. ஹாஃப்கினை நான் குறை கூறமாட்டேன். அவர் தம் உடம்பை முதலில் கொடுத்தவர்.

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை வேறு ரகம். 1951 முதல் 1974 வரை கிளிக்மன் என்ற தோல் வைத்தியர் அங்கே கைதிகளின் மேல் களிம்புகளையும் ரசாயனங்களையும் தடவிப் பார்த்தார். டையாக்ஸின் விஷம்கூட உண்டு. சிறைக் கூலியைவிட அதிகம் கிடைத்ததால் கைதிகள் கையொப்பம் போட்டார்கள்.

படத்தில் கதாநாயகன் படகேறித் தப்பிவிடுகிறான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாலிபர்கள் இருவருக்கும் ஏகத் திருப்தி. மூலச் சிறுகதையில் அவன் பிழைப்பதில்லை. படம் வந்தது ஜூன் மாதம். அதே வருஷம் அக்டோபரில் பிலடெல்பியா நகர நிர்வாகம் ஹோம்ஸ்பர்க் கைதிகளுக்கு நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டது.