நிறங்கள் பகரும் சான்று

பழைய ஏடொன்றின் காலத்தை அறிய விரும்புவோர் அதன் எழுத்தை ஆராய்வர். பழைய தேசப்படமாயின் அதன் நிறத்தையும் ஆராய்தல் வேண்டும். யப்பானின் பழம்படங்கள் இதற்கு நல்ல உதாரணமாகும்.

1603 முதல் 1868 வரை அந்நாட்டை ஆண்ட தொக்குகாவா அரசு, மாகாணந்தோறும் பெரும் படங்களை வரைவித்தது. ஒவ்வொரு கிராமத்தின் பெயரும், அரிசியளவாற் கணித்த அதன் விளைவும் ஒரு நீள்வட்டத்துள் எழுதப்பட்டன. அவ்வட்டத்தின் நிறமே கிராமம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை உணர்த்திற்று; வீதிகள் செந்நிறக் கோடுகளாயின. அங்கே நிறம் மங்கினால் எல்லையும் மங்கிவிடும்.

அக்காலத்தார் பயன்படுத்திய வண்ணங்கள் பல. சாதிலிங்கமும் அரிதாரமும் தாதுக்கள். அவுரி நீலமும், குசும்பாப் பூவின் சிவப்பும், கானாம்வாழை இனப் பூவொன்றின் நீலமும் தாவரங்கள் தந்தவை. இப்பூவின் நீலம் ஈரத்தையும் ஒளியையும் தாங்காது. எனவே இன்று பழுப்பாகத் தோன்றும் கடல், வரைந்த நாளில் நீலமாயிருந்திருக்கலாம். கண்ணை மட்டும் நம்புவோர் இங்கே ஏமாறுவர்.

இக்குறையை விஞ்ஞானம் நீக்குகின்றது. எக்ஸ் கதிர் படும்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கதிரை வெளியிடும். செந்நிறத்திற் பாதரசம் காணப்படின் அது சாதிலிங்கம் எனலாம். மஞ்சளில் ஆசனிக்கு காணப்படின் அரிதாரம் எனலாம். தாவரச் சாயங்களை இம்முறை காட்டாது. அவற்றை அறிய, படத்தில் விழுந்து மீளும் ஒளியை அலைநீள வாரியாக அளப்பர். இவ்விரு முறைகளிலும் தாளிலிருந்து ஒரு துணுக்கேனும் எடுக்க வேண்டியதில்லை.

காலக் கணிப்புக்கு இவை பெரிதும் உதவுகின்றன. பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரிலே தோன்றியது. 1830ஆம் ஆண்டளவில் யப்பானிய மரஅச்சுப் படங்களிற் பெருகியது. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் செயற்கைச் சாயத்தை வில்லியம் பேர்க்கின் கண்டது 1856இல். பழைய மரக்கட்டையைக் கொண்டு பின்னாளிலும் அச்சிடுவது வழக்கமாதலின், படத்திற் பொறித்த ஆண்டு பழையதாயிருக்கலாம். ஆனால் 1700 என்று பொறித்த படத்திற் பிரஷ்ய நீலம் காணப்படின், அவ்வண்ணம் அவ்வாண்டிற் பூசப்பட்டதாகாது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெறும் மையால் அச்சிட்ட படத்துக்குப் பிற்காலத்தார் நிறந்தீட்டியிருத்தல் கூடும். அந்நிலையில் வண்ணம் தன் வயதையே கூறும். படத்தின் வயதைக் கூறாது. ஆதலால் தாள், எழுத்து, ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு நிறத்தையும் ஒப்புநோக்கியே வரலாற்றாசிரியர் முடிவு கூறுதல் தகும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது நீதியாகாது.