குழாய்க் குறியின் வரலாறு

கணிப்பொறி நிரல்கள் பலவற்றைத் தொடுத்து, ஒன்றன் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகச் செலுத்தும் முறையைக் ‘குழாய்’ என்பர். யூனிக்ஸ் இயங்குதளத்தில் இது தோன்றிய காலம் குறித்துச் சான்றுகள் மாறுபடுகின்றன. அத்தளத்தை ஆக்கியோருள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி, 1979இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் 1972 என்பர். மூன்றாம் பதிப்புக் கையேட்டில் குழாயைக் கூறும் பக்கமோ 1973 சனவரி 15 என்னும் நாளைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் எழுந்த கூற்றினும் அக்காலத்து ஏடே வலிது. ஆதலின் 1973 எனக் கோடலே தகும்.

கருத்தோ இதனினும் பழையது. தோட்டத்து நீர்க்குழாயில் வேண்டும்போது மற்றொரு துண்டைத் திருகிப் பொருத்துதல் போல நிரல்களையும் இணைத்தல் வேண்டும் என்று, பெல் ஆய்வுக்கூடத்து மக்கில்ராய் 1964 அக்டோபர் 11இல் ஒரு குறிப்பு எழுதினார். அது செயலாக எட்டாண்டுக்கு மேற்பட்டது ஏன்? யூனிக்ஸ் தோன்றியதே 1969இல் எனினும், அதன்பின்னும் காலம் தாழ்ந்தது. மக்கில்ராய் தம் கருத்தைக் கரும்பலகையில் விளக்கியபோது உடனிருந்தோர் வியந்தனர், செயற்பட்டாரல்லர். கட்டளையை இரு கோப்புகளின் இடையே நிற்கும் செயற்குறியாக அவர் கண்டார். அவ்வாறு எழுதின், கோப்பின் பெயர் எது, கட்டளைக்குரிய அளபுரு எது என வேறுபடுத்த வழி காணப்படவில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் உள்வாயும் ஒரு வெளிவாயும் போதுமா என்னும் ஐயமும் இருந்தது. ஆயினும் தடை பெரிதும் எழுத்துமுறையில் இருந்ததென்றே யாம் கருதுகிறோம்.

பின் நிகழ்ந்தது இதனை வலியுறுத்தும். கென் தாம்சன் குழாயை அமைத்தபோது, வெளியீட்டைக் கோப்பிற்குத் திருப்பும் ‘>’ குறியே இதற்கும் ஆளப்பட்டது. அக்குறியை அடுத்த பெயர் இடைவெளியோடு முடிந்துவிடும். ஆதலின் நிரலுக்கு அளபுரு தரவேண்டின் இரண்டையும் மேற்கோட்குறிக்குள் அடைக்க நேர்ந்தது. ‘<’ குறியையும் எதிர்த்திசையில் வழங்கலாம் என்றமையின், ஒரே தொடரைப் பலவாறு எழுத இடமுண்டாயிற்று. சில திங்களில் அம்முறை வழக்கொழிந்தது. ‘|’ என்னும் செங்குத்துக் கோடு குழாய்க்கே உரிய தனிக்குறியாயிற்று. பழைய முறைக்கும் ஓர் அழகு உண்டென்பர் ரிட்சி. புதியதே சிறந்ததென அவரும் உடன்படுதலின், அவ்வழகைப் பற்றி வழக்காட வேண்டுவதில்லை.

நிரல்மொழிகளுக்குள் சார்புகளைத் தொடுக்கும் ‘|>’ குறியின் வரலாறு வேறு. அது 1994இல் இசபெல் என்னும் தேற்ற நிறுவல் கருவிக்குரிய எம்.எல். நிரல்களில் தோன்றியது, எஃப் ஷார்ப் மொழியால் பரவியது, 2021இல் ஆர் மொழியின் 4.1.0 பதிப்பிலும் இடம்பெற்றது. வடிவொற்றுமை கொண்டு இதனையும் யூனிக்ஸ் குழாயையும் ஒன்றெனல் பொருந்தாது. அங்கே நிரல்கள் ஒருங்கே இயங்க, அவற்றிடையே பைட்டுகள் ஓடுகின்றன. இங்கே சார்பின் பின் எழுதற்குரிய மதிப்பு அதன் முன் எழுதப்படுகிறது. மாறுவது எழுதும் வரிசையே.