நியூட்டனுக்கு ஒரு பண்ணைவீடு இருந்தது

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடினபோது, "நியூட்டனைப் பாருங்கோ" எண்டு எங்களுக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். 1665இல் கொள்ளைநோய் பரவ, கேம்பிரிட்ஜ் மாணவர்களை ஊருக்கு அனுப்பியது. நியூட்டன் ஊல்ஸ்தோர்ப்புக்குப் போய், 1667இல்தான் நிலையாகத் திரும்பினார். நுண்கணிதம், ஒளி, ஈர்ப்பு பற்றியெல்லாம் அங்கே யோசித்தார். சரிதான்.

ஆனால் அது தாயாரின் பண்ணைவீடு. 1664இலேயே புலமைப்பரிசிலும் கிடைத்துவிட்டது. அதற்கு முன் அவர் 'சைசர்', அதாவது மற்றவர்களுக்கு எடுபிடி வேலை செய்து கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் மாணவன். இதை ஒருத்தரும் சொல்லேல்லை. கல்லூரி மூடினால் சைசரின் சாப்பாடு? சமையற்காரரின் கூலி?

தொற்றுக்கு வளாகத்தை மூடத்தான் வேணும். மூடின பிறகு மிச்சச் சுமை வீட்டுக்குத்தான் போகும். எங்கட ஆக்கள் சிலர் சிக்னல் தேடி மரத்தில ஏறித்தான் சூம் வகுப்புக்குப் போனவை.