பகிடிக்கு முன்னே பத்திரிகை: யாழ்ப்பாணத்து விளையாட்டுச் சிரிப்பின் வேர்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களின் பெரிய ஆட்டங்கள் தொடங்குவது நள்ளிரவு 12.30 மணிக்கு, குளிர்காலத்தில் அதிகாலை 1.30 மணிக்கு. விடியும்போது முடிவுகளோடு பகிடிச் செய்திகளும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். தோற்ற அணியின் பயிற்றுநர் கோல் கம்பத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார் என்பதுபோல, தலைப்பும் நடையும் அச்சுச் செய்தியாகவே இருக்கும். இது இணையத்தோடு வந்த வெளியூர்ப் பழக்கம் என்பது பலரின் எண்ணம். குடாநாட்டின் அச்சு வரலாற்றையும் விளையாட்டு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. பத்திரிகையை ஊன்றி வாசித்த சமூகத்தால்தான் பத்திரிகையின் குரலில் பகிடி விடமுடியும். அந்த வாசிப்பு இங்கே விளையாட்டோடு சேர்ந்தே வளர்ந்தது.

1841 இல் உதயதாரகை வெளிவந்த மண் இது. 1959 இல் ஈழநாடு தொடங்கியது. 1985 இல் உதயன் வந்தது. கொழும்பிலிருந்து வீரகேசரியும் தினகரனும் 1930களிலிருந்தே வடக்கே வந்துகொண்டிருந்தன. ஆனால் பத்திரிகைகளின் எண்ணிக்கையைவிட அவை வாசிக்கப்பட்ட விதம்தான் இங்கே முக்கியம். ஊருக்கு ஊர் இருந்த வாசிகசாலைகளில் ஒரு பிரதியைப் பலர் வாசித்தார்கள். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள், மறுத்தார்கள், வாதாடினார்கள். பல ஊர்களில் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் ஒரே இளைஞர்களின் கையிலேயே இருந்தன. மாலையில் மைதானத்தில் பந்தடித்தவர்கள்தான் காலையில் விளையாட்டுப் பக்கத்தை விரித்தவர்கள். தாங்கள் கண்ணால் கண்ட ஆட்டத்தைச் செய்தியாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடக்கூடிய வாசகர் கூட்டம் அரசியல் செய்திக்கு எளிதில் கிடைக்காது. உள்ளூர் உதைபந்தாட்டச் செய்திக்கு அது கிடைத்தது. செய்தி நடையின் மிகைகளை, தோல்வியைப் பூசி மெழுகும் சொற்களை, அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பகிடிக்கு வேண்டிய மூலப்பொருள் அதுதான்.

இந்தச் சிரிப்புக்கு அச்சில் வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம் (1924–1996). கட்டடக்கலை படிக்கப் பம்பாய் சென்று கேலிச்சித்திரக்காரராகத் திரும்பிய அவர், சுந்தர் என்ற பெயரில் வரைந்தார். தினகரனில் புகழ்பெற்ற அவருடைய சவாரித்தம்பர், பெயரிலேயே மாட்டுவண்டிச் சவாரியைச் சுமந்த கிராமத்து மனிதர். ஈழத்துக் கேலிச்சித்திரத்தின் நிலைத்த பாத்திரங்களில் ஒருவர் ஒரு விளையாட்டின் பெயரால் அழைக்கப்பட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. விளையாட்டுப் பித்தனிடம் ஊரின் வீம்பும் பாசமும் ஒருங்கே வெளிப்படும் என்பதைச் சுந்தர் அறிந்திருந்தார். 1960களில் அவர் கொழும்பில் தொடங்கிய சிரித்திரன் சஞ்சிகை பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதன் மகுடி பதில்கள் பகுதியில் வாசகர் கேட்பதும் மகுடியார் வெட்டிப் பேசுவதும் ஒரு தலைமுறைக்கே பயிற்சியாக அமைந்தன. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் உள்ளூர் எழுத்துக்கு இடம் பெருக உதவியது.

அதே காலத்தில்தான் திருநெல்வேலியின் முகமும் மாறியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. அதன் முதல் தலைவர் க. கைலாசபதி, முன்பு தினகரனின் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகைப் பணியை ஆய்வுக்குரிய பண்பாட்டுச் செயலாகக் கருதிய ஒருவர் வழிநடத்திய நிறுவனம் அது. குடாநாட்டின் கிராமங்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், மயிலங்காடு ஞானமுருகன் போன்ற கழகங்களின் ஊர்ப் பற்று மைதானங்களில் மோதிக்கொள்கிறது. படிக்க வரும் இடத்தில் அந்தப் பற்று பேச்சாகவும் பகிடியாகவும் மாறுவதற்கு இடம் உண்டு.

சவாரித்தம்பரின் விளையாட்டு உதைபந்தாட்டம் அல்லவே, சிரித்திரன் விளையாட்டுச் சஞ்சிகையும் அல்லவே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். இன்றைய கைபேசிப் பகிடி சிரித்திரனின் நேரடி வாரிசு என்று நானும் சொல்லவில்லை. ஒரு பழக்கம் ஊரில் வேர்கொள்ள, அதற்கு முன்பே பழகிய காதுகள் வேண்டும் என்பதே என் வாதம். முகம் மாறாமல் பொய்யை மெய்போலச் சொல்லும் நடையையும், அதைக் கேட்டதும் பொய்யென்று தெரிந்து சிரிக்கும் வாசகரையும் வாசிகசாலையும் சஞ்சிகையும் முன்பே உருவாக்கியிருந்தன. இணையம் கொடுத்தது வேகம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. போலிச் செய்தி மலிந்த காலத்தில் பகிடிச் செய்தியும் அதற்குத் துணைபோகாதா? 1985 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் சஞ்சிகை, மணிக்கு 168 மைல் வேகத்தில் பந்தெறியும் சிட் ஃபின்ச் என்ற பேஸ்போல் வீரரைப் பற்றி ஜோர்ஜ் பிளிம்டன் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. முழுக்கக் கற்பனை, ஆனாலும் பலர் நம்பினார்கள். இரு வாரங்களுக்குள் சஞ்சிகையே உண்மையை வெளியிட்டது. பகிடிக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பகிடி, தன் பொய் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறது. வதந்தி அதற்கு அஞ்சுகிறது. யாழ்ப்பாணம் இதை நூலில் படித்து அறியவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பணிமனையும் எரிக்கப்பட்டது. பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில், பத்திரிகைத் தாள் இல்லாமல் கிடைத்த தாளில் அச்சிட வேண்டி வந்தது. செய்தி அருகிய அந்தக் காலத்தில் பெருகியது வதந்தி. பகிடி வளர நம்பகமான செய்தி பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். எங்கள் கழகங்கள் ஊரோடும், சில இடங்களில் சாதியோடும் பிணைந்தவை. தோற்ற அணியை நக்கலடிப்பது அந்த ஊரின் பிறப்பையும் தொழிலையும் இழிவுபடுத்துவதாகச் சரிந்துவிட முடியும். அப்படிச் சரிந்தால் அது பகிடி அல்ல, பகை. சுந்தரின் மரபு இங்கே ஓர் அளவுகோலைத் தருகிறது. அவர் கேலி செய்தவை போலித்தனமும் பகட்டும், மனிதர் தாமே தேடிக்கொண்ட குறைகள். வீணான வீம்பையும் நிர்வாகத்தின் பொறுப்பின்மையையும் பார்த்துச் சிரிக்கலாம். ஒருவர் எங்கே பிறந்தார் என்பதை வைத்துச் சிரிக்கக் கூடாது.

சிரிக்க வேண்டியவை மேலிடத்திலேயே நிறைய இருக்கின்றன. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது; ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அத்தனை மாதங்கள் நாட்டின் அணிகள் உலக அரங்கில் விளையாட முடியாமல் போனதற்குக் காரணம் வீரர்களின் கால்கள் அல்ல, நிர்வாகத்தின் சீர்கேடு. இப்படிப்பட்ட செய்தியைக் கற்பனையான தலைப்பொன்றால் குத்திக்காட்டும் ரசிகர், அதன் விவரத்தை அறிந்த பொறுப்புள்ள குடிமகனாகவே பேசுகிறார். ஆகவே இந்தப் பழக்கத்தைக் கண்டிப்பதைவிட அதன் அடித்தளத்தைக் காப்பதே அவசியம். சிரித்திரன் இதழ்களை நூலகம் நிறுவனம் மின்வடிவில் பேணி வருகிறது. அவற்றை விளையாட்டு வரலாற்றின் சான்றாகவும் திருநெல்வேலியில் ஆராய வேண்டும். வாசிகசாலைகளில் எஞ்சியிருக்கும் கழகப் பதிவேடுகளையும் சுற்றுப்போட்டி மலர்களையும் சேகரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்து ஆட்டத்தின் முடிவையும் கோல் அடித்தவரின் பெயரையும் பிழையில்லாமல் எழுதும் உள்ளூர்ச் செய்தியாளர் தொடர்ந்து எழுத வேண்டும். அவர் எழுதாத ஊரில் ரசிகருக்குப் பகிடி பண்ணவும் ஒன்றுமிருக்காது.